எல்லாரும் வேஷம், ஷுகரைத் தவிர

மர்லின் மன்றோ என்றதும் நம்மாட்களுக்கு ஞாபகம் வருவது காற்றில் பறக்கும் அந்த வெள்ளை கவுன்தான். தப்பில்லை :) ஆனா அம்மணி எவ்வளவு பெரிய காமெடி நடிகை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எனக்கு ரொம்ப நாளா இந்த ஆதங்கம் உண்டு. ஆதாரம் வேணும்னா ஒரே படம் போதும். பில்லி வைல்டர் இயக்கி 1959-ல் வந்த 'சம் லைக் இட் ஹாட்'.

கதை நடப்பது 1929-ல். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். சிகாகோவில் ஒரு கும்பல் கொலையைப் பார்த்துத் தொலைத்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள் (டோனி கர்ட்டிஸ், ஜாக் லெம்மன்) பெண் வேஷம் போட்டு, பெண்கள் மட்டுமே இருக்கும் பேண்டில் சேர்ந்து ஃப்ளோரிடாவுக்கு ரயிலேறுகிறார்கள். அந்த பேண்டின் பாடகிதான் ஷுகர். நம்ம மர்லின்.

ரெண்டாவது தடவை பாத்தா ஒண்ணு புரியும். படத்தில் எல்லாமே டுபாக்கூர். சவப்பெட்டிக்குள்ளே சரக்கு பாட்டில். ரவுடிகள் மாநாடு போடுவது இத்தாலிய ஓபரா ரசிகர்கள் என்ற பெயரில். ஹீரோக்கள் கவுனில். வேஷமே போடாத ஆள் ஷுகர்தான். சாக்ஸபோன்காரன்களை நம்பி நம்பி ஏமாந்த கதையை மனசு விட்டு ஒரு தோழியிடம் சொல்கிறாள். அந்தத் தோழியே வேஷம் போட்ட சாக்ஸபோன்காரன்! இனிமே கண்ணாடி போட்ட சாதுவான கோடீஸ்வரன்தான் வேணும் என்கிறாள். பயபுள்ள அதைக் கேட்டு வெச்சுக்கிட்டு, கடற்கரையில் கண்ணாடியோட வந்து உக்காந்துடறான்.

அவளும் அவனிடம் ஒரு பொய் சொல்லுவா. இன்ன இசைக்கல்லூரியில் மூணு வருஷம் படிச்சேன் என்று. அதுகூட சொந்தப் பொய் இல்லீங்க. அவனும் நண்பனும் பேண்டில் சேரும்போது விட்ட அதே பீலா! அவனும் அசராமல், நல்ல காலேஜ்னு சர்டிஃபிகேட் வேற குடுப்பான்.

இதை 'பாருங்க, நான் ஜோக்கடிக்கிறேன்' என்று கண்ணடித்துச் சொல்லியிருந்தா சீன் காலி. மர்லின் அப்படிச் செய்யவில்லை. தான் ஒரு காமெடிப் படத்துக்குள்ள இருக்கறதே ஷுகருக்குத் தெரியாது. கர்ட்டிஸும் லெம்மனும் ஓடி விழுந்து சிரிக்க வைக்கறாங்க. இவங்க மனசுல பட்டதைச் சொல்லியே சிரிக்க வைக்கறாங்க. சிரிச்ச அடுத்த நிமிஷமே 'ஐயோ பாவம்' என்றும் தோணும். கடைசியில் காதல் போச்சுன்னு மேடையில் பாடுவாங்களே, அந்த இடம் மட்டும் எடுபடலைன்னா மொத்தப் படமும் வெறும் வேஷக் கூத்துதான்.

ஆனா இந்தப் படத்தைப் பற்றி எங்கே படிச்சாலும் வேற கதைதான் முதல்ல வரும். ஷூட்டிங்குக்கு லேட், ஒரு வரி வசனத்துக்கு டஜன் கணக்கில் டேக். நடந்ததுதான், வைல்டரே புலம்பியிருக்கார். அந்த நாட்களில் அவங்க கர்ப்பமா இருந்ததும், 1958 டிசம்பரில் கரு கலைந்ததும் ஓரமா ஒரு வரியில் வந்து போகும். பில்ட் எத்தனை தடவை ஃபெயில் ஆச்சுன்னு லாகை மட்டும் எண்ணிட்டு, சாஃப்ட்வேரை ஓட்டியே பாக்காம மார்க் போடற மேனேஜர் மாதிரி இல்லை இது?

ஆஸ்கரில் படத்துக்கு ஆறு நாமினேஷன். லெம்மனுக்கு உண்டு, மர்லினுக்குக் கிடையாது. கோல்டன் குளோப்காரங்க மட்டும் சிறந்த காமெடி நடிகை விருது குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க முடிச்சுக் குடுத்தது ரெண்டே படம். 1962 ஆகஸ்டில், 36 வயசில் போய்ட்டாங்க.

படம் கிடைச்சா பாருங்க மக்கா. ரயில்வே ஸ்டேஷனில் எஞ்சின் அவங்க மேல புஸ்ஸுன்னு ஆவி விடுமே, அதுதான் பிரபலமான சீன். அதோட எழுந்து போய்டாதீங்க. அந்த காலேஜ் பொய் வரைக்குமாவது உக்காருங்க.