ஹிஸ்ஸா, ஹர்ரா?

ஆறாவது படிக்கும் பேத்தி ஆங்கில இலக்கணப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "ப்ரோநவுன்தானே தாத்தா, ரொம்ப ஈஸி" என்றாள். 1973-இல் எனக்கு அது ஈஸியாக இல்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலம். பெரிய சொற்களை அகராதி பார்த்துச் சமாளித்தேன். என்னைக் கவிழ்த்தவை சின்னச் சொற்கள்தான். 'யூ' ஒன்றும் தொல்லை இல்லை. நமக்கு நீ, நீங்கள், பிரெஞ்சில் 'த்யு', 'வூ' என்று இரண்டிரண்டு. ஆங்கிலேயனுக்குப் பியூனும் இயக்குநரும் ஒரே 'யூ'. நிம்மதி.

வம்பு வந்தது 'ஹிஸ்', 'ஹர்' என்பவற்றால். பிரெஞ்சில் 'சோன்', 'சா' இரண்டும் உடைமையின் பாலைப் பார்க்கும், உடையவரைப் பார்க்காது. கணவன் ஆண்பால், ஆகவே 'அவளுடைய கணவன்' என்றாலும் 'சோன் மரி'தான். அம்மா பெண்பால், ஆகவே 'அவனுடைய அம்மா' என்றாலும் 'சா மேர்'. ஆங்கிலத்தில் அப்படியே தலைகீழ். தமிழாவது கைகொடுத்ததா? மரியாதையாக 'அவருடைய' என்று போட்டுவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. உடையவர் யார் என்று நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு இரண்டு மொழியிலும் வரவில்லை.

ஓர் அம்மாளின் குடும்ப ஓய்வூதியக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். 'காலஞ்சென்ற அவருடைய கணவர்' என்பதற்கு, கடிதம் முழுக்க 'ஹிஸ் ஹஸ்பண்ட்'. சூப்பரிண்டெண்டும் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டார். சில வாரம் கழித்து, 'விண்ணப்பதாரர் ஆணா, பெண்ணா? தெளிவுபடுத்துக' என்று சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

"ஏன் தம்பி, புருஷன் ஆம்பளைன்னா அந்தம்மாவும் ஆம்பளையா?" என்றார் சூப்பரிண்டெண்ட். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். வட்டிக்கு வாங்கி வீட்டு வாடகை கொடுத்ததாகச் சொன்னார். "மேலிடத்துல நிக்குதும்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை. யாரால் நிற்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

திருத்திய கடிதம் போய்ப் பணம் வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. பணம் வந்த அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மேசையில் வைத்து, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.