பாட்டி வாங்கிய ஒரு பங்கு

கிராகோவ் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த மூன்றாவது வாரம். பள்ளியிலிருந்து வந்த ஏழு வயது மகன் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "அம்மா, நாம விஸ்வாவா, கிராகோவியாவா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சாதி மாதிரி எதையோ விசாரிக்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

அது 2018 இலையுதிர்காலம். கணவருக்கு மென்பொருள் வேலை, எனக்கு வீடும் தனிமையும். துணைக்குக் கிடைத்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. போலிஷ் மொழியில் பாட்டிக்கு 'பாப்ச்சா'. என் அரைகுறை போலிஷ் பாதி, போனின் மொழிபெயர்ப்பு மீதி என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மகனின் கேள்வியை அவரிடம் கொண்டு போனேன். பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து, சிவப்பில் வெள்ளை நட்சத்திரம் போட்ட பழைய கழுத்துத்துண்டு ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் சுற்றினார். டிராம் ஓட்டுநராக இருந்து இறந்துபோன அவர் கணவருடையதாம். விஷயம் முடிந்தது. நாங்கள் விஸ்வா.

போலந்தின் பெரிய நதியின் பெயர்தான் இந்தக் கால்பந்து அணிக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் 'விஸ்லா' போலத் தெரியும். வாயால் சொன்னால் விஸ்வா. எங்கள் சித்தி மகன் பெயரும் அதுதான் என்று சொன்னபோது பாப்ச்சா விழுந்து விழுந்து சிரித்தார். 1906-ல் தொடங்கிய அணி. எதிரி அணி கிராகோவியாவும் அதே 1906. இரண்டு மைதானங்களுக்கும் நடுவில் 'ப்வோனியா' என்கிற ஒரு பெரிய புல்வெளிதான். இவர்கள் மோதும் ஆட்டத்துக்கு இங்கே 'புனிதப் போர்' என்று பெயர். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் கிராகோவியா பக்கம். "அது ஒன்றுதான் அவரிடம் குறை" என்பார் பாப்ச்சா, சிலுவைக்குறி போட்டுக்கொண்டே.

துண்டைச் சுற்றிக்கொண்டு மகன் டிராமுக்குக் கிளம்பிய முதல் நாள், படியிலேயே அவனை நிறுத்தி, அதைக் கழற்றி மடித்துக் கோட்டுக்குள் செருகினார். "முதலில் மைதானம், அப்புறம் துண்டு. வழியில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது."

வேடிக்கை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததும் தூக்கம் போனது. 1998-ல் இத்தாலியின் பார்மா அணியோடு நடந்த யூஃபா கோப்பை ஆட்டத்தில், பார்வையாளர் பக்கத்திலிருந்து வீசிய கத்தி டினோ பாஜியோ என்ற வீரரின் தலையைப் பதம் பார்த்திருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆட விஸ்வாவுக்கு ஓராண்டுத் தடை. நாங்கள் வந்து இறங்கிய அந்த 2018-லேயே, ரவுடிக் கும்பல் ஒன்று கிளப்பின் நிர்வாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியிருந்தது. இதற்கா என் பிள்ளை கைதட்ட வேண்டும்? செஸ் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

பாப்ச்சாவுக்கோ இவையெல்லாம் வீட்டுக்குள் நடந்த அவமானம். மறைக்க மாட்டார். ஆனால் பழைய கதையையும் விட மாட்டார். 1927-ல் போலந்தில் லீக் தொடங்கியபோது முதல் சாம்பியன் விஸ்வா. அந்த ஒரே பருவத்தில் ஹென்ரிக் ரேய்மன் அடித்த 37 கோல்களை இன்று வரை லீக்கில் யாரும் தாண்டவில்லை. மைதானத்துக்கே அவர் பெயர்தான். மொத்தம் 13 சாம்பியன் பட்டங்கள். அவற்றில் எட்டு, 1999-க்கும் 2011-க்கும் நடுவில், கேபிள் தொழிலதிபர் ஒருவர் பணத்தைக் கொட்டிய காலத்தில் வந்தவை. 2016-ல் அவர் விலகியதும் கஜானா காலி.

அந்த 2018 டிசம்பரில் வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கம்போடியாவில் பிறந்த ஒரு முதலீட்டாளர் கிளப்பை வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது. டிசம்பர் 28 நள்ளிரவுக்குள் 1 கோடியே 20 லட்சம் ஸ்வோட்டி வர வேண்டும். வரவில்லை. ஜனவரி தொடக்கத்தில் கிளப்பின் உரிமமே நிறுத்தி வைக்கப்பட்டது. பாப்ச்சா வானொலியை அணைத்துவிட்டு இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. சூப் எடுத்துப் போய்த் தட்டியபோது, "நூறு வருஷத்துக்கு மேல் ஆன வீட்டை வெளியூர்க்காரன் வார்த்தையை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றார். எனக்கு எங்கள் தாத்தா வீடு ஞாபகம் வந்தது. அதை விரிக்க வேண்டாம்.

அப்போதுதான் குபா வந்தார். யாகுப் ப்வாஷ்சிகோவ்ஸ்கி. போலந்து அணியின் முன்னாள் கேப்டன். ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குப் போய்ப் புகழ் சேர்த்தவர். அதற்கு முன்னால் அவரை உலகுக்குக் காட்டியது விஸ்வா. அவருடைய பத்தாவது வயதில், கண் முன்னாலேயே தாயைத் தந்தை கொன்றார். வளர்த்தது பாட்டி. இதைச் சொல்லும்போது மட்டும் பாப்ச்சா என் மகனை உள்ளே அனுப்பிவிட்டார். குபாவும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து 40 லட்சம் ஸ்வோட்டி கடன் கொடுத்து கிளப்பை எழுப்பினார்கள். அவரே திரும்பி வந்து ஆடவும் செய்தார். மாதச் சம்பளம் 500 ஸ்வோட்டி. அதையும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு டிக்கெட் வாங்கக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரியில் கிளப்பின் பங்குகளை ரசிகர்களுக்கே இணையத்தில் விற்றார்கள். ஒரு பங்கு 100 ஸ்வோட்டி, அன்றைய கணக்கில் சுமார் 1,900 ரூபாய். பாப்ச்சாவிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அடையாள அட்டையையும் நான்காக மடித்த ஒரு நூறு ஸ்வோட்டி நோட்டையும் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். "லாபம் வராது பாப்ச்சா, பணம் திரும்பியும் வராது" என்று எச்சரித்தேன். "கோயில் உண்டியலில் போட்டால் ரசீதா கேட்கிறேன்?" என்றார். பக்கம் திறக்கவே அரை மணி நேரம் சுற்றியது. வாங்கிக் கொடுத்தேன்.

பக்கத்தில் நின்ற மகன், "எனக்கும் ஒண்ணு" என்றான். "நாளைக்குப் பார்க்கலாம்டா" என்றேன், எல்லா அம்மாக்களையும் போல. மறுநாள் பார்த்தால் 40,000 பங்குகளும் தீர்ந்துவிட்டிருந்தன. ஒரு நாள்கூட ஆகவில்லை. வாங்கியவர்கள் 9,000 பேருக்கு மேல். அவன் அழவில்லை. பேசாமல் கீழே போய் பாப்ச்சாவோடு உட்கார்ந்துகொண்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

கிளப் பிழைத்தது, ஆட்டம் பிழைக்கவில்லை. 2022 மே மாதம், 26 ஆண்டு முதல் பிரிவு வாழ்க்கை முடிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு மேலேறும் வாய்ப்பு வந்தபோது, புஷ்ச்சா என்கிற பக்கத்துச் சிற்றூர் அணியிடம் சொந்த மைதானத்தில் 1-4 தோல்வி. மேலே போனது அந்தச் சிற்றூர்.

2024 மே 2. வார்சாவில் போலந்துக் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டாம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்த விஸ்வா, முதல் பிரிவின் போகோன் ஷ்செசினை எதிர்த்து. பாப்ச்சா வீட்டில் பியரோகி வெந்துகொண்டிருந்தது. அது நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. 75-வது நிமிடத்தில் போகோன் கோல். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரமும் கரைந்துகொண்டிருந்தது. பாப்ச்சா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 99-வது நிமிடம், எனெகோ சத்ருஸ்தெகி. மகன் கத்திய கத்தலில் கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. நீட்டிப்பு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆன்ஹெல் ரோடாடோ இரண்டாவதை அடித்தார். 21 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை. பியரோகி அடிப்பிடித்துவிட்டது, அதையே தின்றோம்.

அந்த வெற்றியால் ஐரோப்பியப் போட்டி வந்தது. ஆகஸ்ட் 15, இங்கும் விடுமுறை நாள். முதல் முறையாக மகனோடு மைதானத்துக்குப் போனேன். ஸ்லோவாக்கியாவின் ட்ர்னாவா அணி. அங்கே 1-3 தோற்றிருந்தோம், இங்கே 3-1 ஜெயித்தோம். பெனால்டி அடித்து அடித்து 12-11 என்று முடிந்தது. பயந்து பயந்து போன நான், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் பெல்ஜியத்தின் செர்க்கிள் ப்ரூஜ் வந்து 6-1 என்று துவைத்துவிட்டுப் போனது வேறு கதை. அதற்கடுத்த வாரம் அவர்கள் ஊருக்கே போய் 4-1 ஜெயித்தார்கள், பயனில்லாத வெற்றி. 2025 வசந்தத்திலும் மேலேறும் கதவு மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. அந்த இலையுதிர்காலத்தில் பட்டியலில் முதலிடம். பாப்ச்சா மட்டும் பட்டியலைப் பார்க்க மறுத்தார். கண் பட்டுவிடுமாம்.

மகனுக்கு இப்போது என் உயரம். நண்பர்களோடு தனியாகப் போகிறான். எனக்குச் செய்தி அனுப்ப மறந்தாலும், போகும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்ட மறப்பதில்லை. பாப்ச்சாவுக்கு முழங்கால் வலி. கதவு திறக்கக் கொஞ்ச நேரமாகும். நான் மேலே கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவனை விட ஒரு சாண் குள்ளமாகிவிட்ட அந்த அம்மாள், எட்டி அந்தப் பழைய துண்டைக் கழற்றி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் செருகி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிடுவார். அவனும் குனிந்து கொடுப்பான்.