நிழல் விழாத தொலைவு

குளக்கரைத் தும்பியொன்றின் இறக்கையைப் படமெடுக்க மூன்று காலைகள் முயன்று தோற்றேன். என்னிடம் இருந்தது 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். இறக்கையை அதன் உண்மையளவிலேயே பதிக்க, லென்ஸின் முகப்பைத் தும்பிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அருகே கொண்டுசெல்ல வேண்டும். என் நிழல் விழுந்ததுமே அது பறந்துவிடும்.

நண்பரொருவர் 180 மில்லிமீட்டர் லென்ஸை இரவலாகத் தந்தார். அதே அளவுப் படத்திற்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விலகி நிற்கலாம். கனம் மிகுதி, சிறு அசைவும் படத்தைக் கலைக்கும், முக்காலி இன்றியமையாதது. ஆயினும் நான்காம் நாள் தும்பி அஞ்சாது அமர்ந்திருந்தது. இறக்கையின் நரம்புகள் தெளிவாய்ப் பதிந்தன.

முக்காலியை மடக்குகையில் நினைத்தேன்: துயருற்றோர் வீடுகளில் எத்தனை முறை அவசரமாய் நெருங்கி, ஆறுதல் கூறி, அவர்தம் மௌனத்தைக் கலைத்திருக்கிறேன்! நெருங்குவது அன்பு, நம் நிழல் பிறர்மேல் விழாத தொலைவில் பொறுமையோடு நிற்பதும் அன்பே.