உரத் தண்ணீர் ஏன் திரிகிறது? தளி சாலையில் ஒரு டேங்க் அறை

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலை சுமார் 25 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணி ஆனாலும் பனி விலகாது. ராகி அறுத்த தாள், சாலையோரம் குவித்த அவரைக்காய் மூட்டை, அதைத் தாண்டினால் வரிசையாக வெள்ளைப் பாலித்தீன் கூரைகள். தளிக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு பெயர் உண்டு. இந்தக் குளிரை நம்பித்தான் ரோஜாவும் ஜெர்பராவும் இங்கே வந்தன. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மகத்துவ மையமும் தளியில்தான் இருக்கிறது. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவில் இந்தப் பக்கத்துப் பூவும் உண்டு.

இங்கே வருகிறவர்கள் பூவைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பூவுக்குச் சோறு போடும் இடம் குடிலின் கோடியில், தகரக் கூரை போட்ட சின்ன அறை. மண் இல்லாத விவசாயத்தில் இறங்க நினைப்பவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

தளிக்கு முன்னால் ஒரு கிராமத்தில் 25 சென்ட் பசுமைக்குடில். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டிகளில் ஜெர்பரா. கணவர் பூ மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்ள, டேங்க் அறை மனைவியின் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் கன்னடம், வருகிறவர்களிடம் தமிழ் என்று மூன்றிலும் புழங்குகிறவர். சுவரில் ஒரு தராசு, இரண்டு கறுப்பு டிரம், இரண்டு மக்கு. ஒரு மக்கில் சிவப்புப் பெயின்ட், இன்னொன்றில் நீலம். சிவப்பு மக்கு நீல டிரம்முக்குள் போகவே கூடாது.

அன்று தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு இளைஞர் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தார். 5 சென்டில் குழாய் போட்டு லெட்யூஸ் வளர்க்கிறார். வங்கிக் கடன். பாட்டிலுக்குள் இருந்தது மோர் மாதிரி வெள்ளைத் தண்ணீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மாவு.

"எல்லாத் தூளையும் சரியா எடை போட்டுத்தான் போட்டேங்க்கா. போட்ட கொஞ்ச நேரத்துல திரிஞ்சுபோச்சு."

"எதுல போட்டே தம்பி?"

"இருபது லிட்டர் பக்கெட்ல. எல்லாத்தையும் ஒண்ணா."

அவர் பாட்டிலை ஆட்டாமல் வைத்து, மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடி மாவில் கொஞ்சம் எடுத்து, நீர்த்த ஆசிட் சில சொட்டு விட்டார். பொங்கவில்லை. பொங்கியிருந்தால் அது தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்பு. பொங்காமல் கரைவது கால்சியம் பாஸ்பேட். கரையாமல் மணல் மாதிரி உட்கார்ந்துவிடுவது ஜிப்சம். இந்த மாவில் கொஞ்சம் கரைந்தது, மிச்சம் அப்படியே நின்றது. அதாவது, செடிக்குப் போக வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் கல்லாகிப் பக்கெட்டின் அடியில் கிடந்தன.

அதைவிட மோசமான வேலை அதற்குப் பிறகு நடந்திருந்தது. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக் கலந்திருக்கிறார். இ.சி. மீட்டர் 1.8 காட்ட வேண்டிய இடத்தில் 1.4 காட்டியிருக்கிறது. சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் தூள் போட்டிருக்கிறார். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. எண் சரியாகிவிட்டது. ஆனால் கால்சியம் குறைவு குறைவுதான். இளம் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது அதனால்தான். நாற்றுத் தட்டில் 1,200 நாற்று அடுத்த நடவுக்குக் காத்திருந்தது.

தூளில் குற்றம் ஒன்றும் இல்லை, கலந்த விதத்தில்தான். கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் தனித்தனியே தண்ணீரில் கண்ணாடி மாதிரி கரையும். கெட்டியாக ஒன்றுசேர்த்தால் கால்சியமும் சல்பேட்டும் கைகோத்து ஜிப்சமாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் ஜிப்சத்தைத் தாங்கும். நூறு மடங்கு கெட்டியாகக் கலக்கும்போது உருவாவதோ லிட்டருக்கு 25 கிராமுக்கும் மேல். அதே சரக்கை நூறு பங்கு தண்ணீரில் விரித்தால் கால் கிராம் கணக்குத்தான் வரும், அதனால் படியாது. ஆகவேதான் கெட்டிக் கரைசலில் இரண்டையும் பிரித்து வைத்து, நிறையத் தண்ணீரில் மட்டும் சந்திக்க விடுகிறார்கள். பாஸ்பேட் உள்ள தூள்களும் கால்சியத்துக்கு இதே மாதிரி ஆகாது. 19:19:19, 12:61:0, 0:52:34 மூன்றிலும் பாஸ்பேட் உண்டு. சொட்டுநீரில் உரம் விடும் தக்காளிக்காரரும் கத்தரிக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கீரை வகைக்கு 1,000 லிட்டர் தண்ணீருக்கான ஒரு கணக்கை அவர் அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார். சிவப்பு டிரம்மில் 10 லிட்டர்: கால்சியம் நைட்ரேட் 800 கிராம், 12 சதவிகித இரும்புச்சத்துள்ள இரும்பு இ.டி.டி.ஏ. 25 கிராம். நீல டிரம்மில் 10 லிட்டர்: பொட்டாசியம் நைட்ரேட் 400 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 200 கிராம், மெக்னீசியம் சல்பேட் 400 கிராம், இரும்பு நீங்கலான நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு. டிரம்மில் முதலில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு தூள் முழுக்கக் கரைந்து அடி தெரிந்த பிறகுதான் அடுத்தது. எல்லாம் கரைந்தபின் பத்து லிட்டர் கோடு வரை தண்ணீர். பயன்படுத்தும்போது 98 லிட்டர் தண்ணீரை முதலில் நிரப்பி, சிவப்பு ஒரு லிட்டர் ஊற்றி நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகு நீலம் ஒரு லிட்டர்.

"ரெண்டையும் ஒரே மக்குல அளந்தா என்னங்க்கா? மக்குல என்ன ஒட்டியிருக்கப் போகுது?"

"இப்படித்தான் ஆரம்பிக்கும். மக்குல ஒட்டினது டிரம்முக்குப் போகும், டிரம்முல இருந்து ஃபில்டருக்குப் போகும், அங்கிருந்து சொட்டுவானுக்கு. அப்புறம் ஊசி வெச்சுக் குத்திக்கிட்டு உக்காரணும்."

டிரம் கறுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெயில் பட்டால் இரும்புக் கரைசல் கெட்டுப்போகும். விலை குறைவு என்று இரும்பு சல்பேட்டைப் போட்டால் சில நாளில் பழுப்பு நிறத்தில் படியும், அதிலுள்ள சல்பேட் கால்சியத்தோடும் சேரும். இ.டி.டி.ஏ. இரும்பு பி.எச். ஆறரைக்கு மேல் நிற்காது. தண்ணீரின் பி.எச். குறையாத இடத்தில் டி.டி.பி.ஏ. வகை வாங்குவது நல்லது.

இனித் தண்ணீர். இந்தப் பக்கத்து போர்த் தண்ணீர் பலருக்குக் கடுந்தண்ணீர். தூளே போடாமல் வாளியில் வைத்தாலும் விளிம்பில் வெள்ளை படியும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் தூள் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிற கதைதான். பி.எச். 7-க்கு மேல் இருந்தால், நன்றாக விரித்த கரைசலில்கூடப் பாஸ்பேட் மெல்லக் கலங்கும். அவர் தண்ணீர் டேங்கில் நைட்ரிக் ஆசிட் விட்டு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே கொண்டுவந்த பிறகுதான் உரம் சேர்க்கிறார். பாஸ்பாரிக் ஆசிட்டும் பயன்படும், ஆனால் அது சிவப்பு டிரம் பக்கம் போகக் கூடாது. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. நைட்ரேட் உப்புகள் கரையும்போது தண்ணீரே சில்லென்று ஆகிவிடும், பிறகு கரைவது மந்தமாகும். 20 டிகிரியில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் கரையும் பொட்டாசியம் நைட்ரேட், 10 டிகிரியில் 200 கிராம் சொச்சம்தான் கரையும். டிரம் இடம் மிச்சம் என்று 500 மடங்கு கெட்டியாகக் கலப்பவர்களின் டிரம்மில் தை மாதத்துக் காலையில் ஊசி ஊசியாகப் பூத்திருப்பது இதனால்தான். வெயில் ஏறினால் அந்த ஊசிகள் திரும்பக் கரையும், பயமில்லை. ஜிப்சம் மாவு அப்படிக் கரையாது. போரிக் ஆசிட் போன்றவற்றை அவர் வெந்நீரில் தனியாகக் கரைத்தே சேர்க்கிறார்.

எல்லாச் சத்தும் ஒரே பையில் என்று விற்கும் தூளைப் பற்றியும் தம்பி கேட்டார். பையில் பாதியைக் கரைத்துப் பாதியை வைப்பதில்தான் சிக்கல். குலுங்கிக் குலுங்கி வரும்போது பெரிய குருணை மேலேயும் மெல்லிய தூள் அடியிலும் பிரிந்துவிடும். கால்சியம் நைட்ரேட் இருந்தால் ஈரம் இழுத்துக் கட்டியும் ஆகும். அப்படிப்பட்ட பையை முழுசாகக் கரைப்பதென்றால் மட்டும் வாங்கலாம், அதுவும் நேராகப் பெரிய டேங்கில், கெட்டிக் கரைசலாக அல்ல.

"பழைய டிரம்முல தண்ணி விட்டுக் கலக்கினாத் தேறாதாங்க்கா?"

"ஜிப்சம் நாள் கணக்குல கொஞ்சம் கரையும். பாஸ்பேட் கரையாது. என்ன மிச்சம் இருக்குன்னு உனக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. நிறையத் தண்ணி கலந்து அவரைக் கொல்லைக்கு ஊத்து, மண்ணு வாங்கிக்கும். குழாய்ல மட்டும் விட்டுடாதே."

தம்பி கணக்கு எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும் வழியில் தளி கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மக்கு இரண்டும், சிவப்பிலும் நீலத்திலும் பெயின்ட் டப்பா ஒவ்வொன்றும் வாங்கினார்.