லத்தீனில் ஒரு கேலி

மெத்தப் படித்தவர்கள் சிரிக்கும்போது எந்த மொழியில் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம்.

1013-ஆம் ஆண்டு. தெற்கு பிரான்ஸில் ஒரியாக் ஊர்க் கோயிலுக்குள் பெர்னார் என்ற பள்ளி ஆசிரியர் நுழைகிறார். ஆஞ்சே நகரத்துக்காரர், சார்த்ர் ஆயர் ஃபுல்பேரிடம் பாடம் கேட்டவர். பீடத்தின்மேல் புனித ஜெரால்டின் பொற்சிலை. அதன் கண்கள் தங்கள் வேண்டுதலுக்குப் பதில் சொல்வதாக நம்பிக் குடியானவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். பெர்னார் உடன்வந்த நண்பரிடம் லத்தீனில் கிண்டலடிக்கிறார்: ஜூபிடருக்கும் மார்ஸுக்கும்கூட இந்தச் சிலை பொருந்துமே! சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. கல்யாண வீட்டில் பாட்டிமார் எதிரிலேயே ஆங்கிலத்தில் கிசுகிசுத்துச் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். லத்தீனுக்கு வாரிசு இல்லாமல் போகவில்லை.

அடுத்து அவர் போனது கோங்க் என்ற மலையூருக்கு. அங்கே புனித ஃபுவா, வேதசாட்சியாக உயிர்விட்ட சிறுமி. அவள் திருப்பண்டமே களவுப்பொருள்தான். கோங்க் துறவி ஒருவர் ஆஜன் ஊருக்குப் போய், பத்தாண்டு நல்லவராய் நடந்து நம்பிக்கை பெற்று, அங்கிருந்த அவள் கல்லறையிலிருந்து எடுத்துவந்தார் என்பது ஐதீகம். அவளுடைய சிலை முக்கால் ஆள் உயரம்கூட இல்லை. மரக்கட்டைமேல் தங்கத் தகடு, அரியணையில் அமர்ந்த கோலம். தலை மட்டும் ரோமானியர் காலத்து ஆண் தலை என்கிறார்கள். உடம்பெல்லாம் பக்தர்கள் தந்த மணிகள். நகைப் பிரியை அவள்! துலூஸ் கோமாட்டி ஆர்சிந்தின் கனவில் வந்து பொன் காப்புகளைக் கேட்டாளாம். கொடுத்தவளுக்குப் பிள்ளை பிறந்ததாம். விடுபட்ட கைதிகள் கொண்டுவந்து போட்ட விலங்குகள் அவ்வளவு சேர்ந்ததால், அவற்றை அடித்துக் கோயில் கதவுகள் செய்தார்கள்.

இங்கே பெர்னார் உட்கார்ந்து ஊராரிடம் கதை கேட்டார். கண்கள் பிடுங்கப்பட்டுப் பின் பார்வை பெற்றதாகச் சொன்ன கிபேர் என்பவரையே நேரில் விசாரித்தார். திரும்பத் திரும்ப வந்தார்; அற்புதங்களை இரண்டு நூல்களாக எழுதினார். சிலையைப் பழித்த ஒருவனைப் புனிதை கனவில் வந்து அடித்த கதையும் அவற்றில் உண்டு. அந்தப் பயத்தில்தான் பெர்னார் கேலியை விட்டுப் பக்தராக மாறினார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவர் தம் பழைய பேச்சை மறைத்திருப்பார்; ஒரியாக்கில் அடித்த கிண்டலையும் தம் கையாலேயே எழுதிவைத்தார் பெர்னார். யாருக்கும் புரியாத அந்தக் கேலி நமக்குத் தெரிவதே அதனால்தான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில் பொன்னையெல்லாம் உருக்கக் கேட்டார்கள். கோங்க் ஊரார் பொருள்களைப் பங்கிட்டுத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்து, ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபுவா இன்றும் அவ்வூரில்தான் இருக்கிறாள், காதணிகளோடு.