நடுவில் நிற்காத பலகை

புதுக் கணினி ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கி நாங்களே பூட்டிக்கொள்வது என்று முடிவு செய்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. திரை, பெட்டி, வன்தட்டு எல்லாம் ஒரே மாலைப் பேச்சில் தீர்ந்தன. தீராமல் நின்றது தாய்ப்பலகை ஒன்றுதான். சிவகிரியில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிற நாங்கள் மூவரும் எந்த நாவலைப் பற்றியும் இத்தனை நாள் வாதிட்டதில்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கேலி நியாயமானதே. ஆனால் பலகை விஷயத்தில் நாங்கள் ஒருமுறை சூடு கண்டவர்கள்.

2004இல் எங்கள் முதல் கணினிக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கினோம். செயலிக்கும் திரைக்கும் தாராளமாகச் செலவழித்தோம். கையில் பணம் குறைந்தபோது, எல்லாவற்றையும் தாங்கப்போகிற பலகையில் கைவைத்தோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தானே கிடக்கப்போகிறது என்பது அன்றைய எங்கள் ஞானம்.

அந்தக் கணினி ஒரு பெரியவருக்காக வாங்கப்பட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கரிசல் வழக்குகளுக்குக் கி. ராஜநாராயணன் சொல்லகராதி தொகுத்ததுபோல, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து மலையடிவாரச் சொற்களுக்கும் ஒரு தொகுப்பு வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக நோட்டுகளில் எழுதி வந்தவர். வயல், கிணறு, மாடு, மழை என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே புழங்குகிற சொற்கள். அறுபத்தெட்டு வயதில் தட்டச்சுப் பழகி, அகர வரிசையில் அவற்றை ஏற்றத் தொடங்கினார்.

2007 கோடையில் கணினி திடீர் திடீரென்று அணைந்தது. பெட்டியைத் திறந்தபோது, செயலியைச் சுற்றி நின்ற சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலைகள் உப்பியிருந்தன. இரண்டில் பழுப்பு நிறக் கசிவு. அது எங்கள் துரதிருஷ்டம் மட்டுமன்று என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆண்டுகளில் உலகமெங்கும் பல நிறுவனங்களின் பலகைகளில் குறையுள்ள மின்தேக்கிகள் இடம்பெற்றிருந்தன. உள்ளே இருக்கும் திரவம் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, உருளை உப்பி வெடிக்கும்.

பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தோம். அங்கேதான் இரண்டாவது பாடம். எங்கள் செயலி 478 ஊசிகள் கொண்ட பழைய பொருத்துவாய்க்கானது. இன்டெல் நிறுவனம் 2004இலேயே 775 தொடுமுனைகள் கொண்ட அடுத்த வகைக்கு மாறியிருந்தது. விடைபெற்றுக்கொண்டிருந்த ஒன்றை நாங்கள் புதிதென்று வாங்கியிருக்கிறோம். பழைய செயலிக்கு ஏற்ற நல்ல பலகை கிடைக்கவில்லை. புதுப் பலகைக்குப் புதுச் செயலி வேண்டும், புது நினைவகமும் வேண்டும். ஒரு பலகை போனதில் முக்கால் கணினி போயிற்று. மறுபடி பணம் திரட்ட ஐந்து மாதங்கள் ஆயின.

அதற்குள் பெரியவரின் கண் பார்வை மிகவும் மங்கிவிட்டது. புதுக் கணினியின் முன் சில நாட்கள் உட்கார்ந்தார். பிறகு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா" என்று எழுந்துகொண்டார். நகர வரிசையோடு வேலை நின்றது. 2009இல் அவர் காலமானார். குற்றம் பலகையுடையதா, எங்களுடையதா, காலத்தினுடையதா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஐந்து மாதங்கள் மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை.

மீதி நோட்டுகளை ஏற்றி முடிப்பதற்காகத்தான் இப்போது இந்தக் கணினி. ஆகவே எங்கள் கேள்வி, எது வேகமானது என்பதன்று. எது நடுவில் நிற்காது, நின்றாலும் மற்றவற்றை இழுத்துக்கொண்டு விழாது என்பதே. அதனால் முதலில் பொருத்துவாயைப் பார்த்தோம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 2016இல் வந்தது. 2024இலும் அதற்குப் புதிய செயலிகள் வெளிவந்தன. 2022இல் வந்த ஏ.எம்.5க்கு 2027க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஏ.எம்.4 மலிவு, எங்கள் வேலைக்கு அதுவே அதிகம். ஆனால் அது போகிற வண்டி என்றார் எங்களில் ஒருவர். 2004ஐ நினைத்துக்கொண்டு மற்ற இருவரும் பேசாமல் ஒப்புக்கொண்டோம்.

அடுத்தது வெப்பம். மின்தேக்கியின் வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. சித்திரை மாதத்து ஓட்டு வீட்டில் அது வெறும் கணக்கு அன்று. திரவமில்லாத திண்ம மின்தேக்கிகளும், மின்னழுத்தம் சீராக்கும் பகுதியின்மேல் உலோக வெப்பத்தணிப்பானும் உள்ள பலகையாகத் தேடினோம். வண்ண விளக்குகள் இல்லாததாலேயே அதன் விலை குறைந்தது.

மூன்றாவதாக, செயலியைப் பொருத்தாமலேயே பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க உதவும் ஒரு பொத்தான். கடையில் நெடுநாள் கிடந்த பலகை புதுச் செயலியை அடையாளம் காணாமல் போகலாம். நகரத்தில் அது ஒரு மணி நேரத் தொல்லை. சிவகிரியில் இருப்பவர்களுக்கோ மதுரைவரை பேருந்துப் பயணம்.

கடைசியாக நினைவகம். 2025 இறுதியில் அதன் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதனால் நான்கு இடங்கள் உள்ள பலகையை எடுத்து, இப்போதைக்கு ஒரே ஒரு துண்டு மட்டும் செருகியிருக்கிறோம். இரண்டாகப் பகிர்ந்தால் வேகம் கூடும் என்பது தெரியும். சொல் தட்டச்சு செய்ய இது போதும்.

நேற்று இரவு திருகாணிகளை முடுக்கி மின்சாரம் கொடுத்தோம். ஓடியது. அந்தப் பலகை இப்போது பெட்டிக்குள் மறைந்துவிட்டது. நல்லபடி நடந்தால் பல ஆண்டுகளுக்கு அதை நாங்கள் பார்க்கப்போவதில்லை. இன்று காலை பெரியவரின் நோட்டைப் பிரித்து, பகர வரிசையின் முதற்சொல்லை ஏற்றினோம்.