அஞ்சு தலைமுறை, ஒரு வேன், ஒரு காடு!

செமஸ்டர் லீவு வந்ததும் உங்க வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல விழுற ஊர் பேரைச் சொல்லட்டுமா? கோவா! பதினெட்டு பேர் 'நான் ரெடி'னு கை தூக்குவாங்க. கிளம்புற தேதி நெருங்க நெருங்க பதினெட்டு ஒன்பதாகி, ஒன்பது மூணாகி, கடைசியில காலேஜ் வாசல் டீக்கடையிலேயே கோவா முடிஞ்சுபோகும். இந்தக் கதையில கரை கண்டவங்களுக்குத்தான் இந்த வாரக் கட்டுரை. நான் சொல்லப்போறது ஃப்ரெண்ட்ஸ் டூர் இல்லை... ஃபேமிலி டூர். 'ஐயய்யோ'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். கேளுங்க!

எல்லாம் எங்க அக்கா பார்த்த ஒரு ரீல்ஸால வந்தது. காட்டுக்கு நடுவுல ஏரி, ஏரிக்கரையில மரவீடு, வாசல்ல ஒரு நாய். 'நாமளும் குடும்பத்தோட இப்படி ஒரு இடத்துல தங்கணும்'னு அக்கா ஆரம்பிச்சா. கொடைக்கானல்னாங்க... மலைப்பாதையில சித்திக்கு வாந்தி வரும். வயநாடுன்னாங்க... அப்பாவுக்கு லீவு ரெண்டே நாள்தான். அப்பதான் பேப்பர் படிச்சுட்டிருந்த தாத்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "காடும் தண்ணியும்தானே வேணும்? அறுபது கிலோமீட்டர்ல இருக்கு. பிச்சாவரம்!"

கடலூர்க்காரங்க நாங்க. பிச்சாவரம்னா எங்களுக்கு ஸ்கூல் டூர்ல புளியோதரைப் பொட்டலத்தோட போய் வந்த இடம். 'அங்கேயா?'னு ஒரு சலிப்பு ஓடுச்சு. ஆனா எங்க பெரியாயா மட்டும் ஒண்ணுமே சொல்லலை. அவங்க தாத்தாவோட அம்மா. வயசு 88. பிறந்தது கிள்ளைப் பக்கம். கல்யாணமாகி மஞ்சக்குப்பம் வந்தவங்க, இருபது வருஷத்துக்கு மேல பிறந்த ஊர்ப் பக்கமே போகலை. கேட்டா, "முட்டி வலிக்குது"ம்பாங்க. இந்தத் தடவை அக்கா பொண்ணு, மூணு வயசு வாண்டு, "நீயும் வா"னு புடவையைப் புடிச்சுத் தொங்கிட்டா. முட்டி வலி பஞ்சாப் பறந்துடுச்சு. அப்படியாக பெரியாயா, தாத்தா, அப்பா, அக்கா, வாண்டுனு அஞ்சு தலைமுறை. கூட ஆயா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவங்க பையன், அக்கா வீட்டுக்காரர், அப்புறம் உங்க ரிப்போர்ட்டர். மொத்தம் பன்னிரண்டு பேர், ஒரு டெம்போ டிராவலர்!

முன் சீட் யாருக்குங்கிறது பெரிய பஞ்சாயத்து. அப்பாவும் சித்தப்பாவும் மோதிட்டிருக்கும்போதே பெரியாயா போய் உட்கார்ந்து, வெத்தலைப் பையை டாஷ்போர்டுல வெச்சுட்டாங்க. அதுக்கு மேல யார் பேசுறது?

ஓ.டி. தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்னு ரோடு நேரா தெற்கே ஓடுது. சாதாரண நாள்ல இந்த ரூட்ல பஸ்ல தூங்கிட்டே போயிருக்கேன். வேன்ல மூணு பெரியவங்களோட போனா தூங்கவே முடியாது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கதை இருக்கு. இந்த வளைவுல தாத்தா சைக்கிள் பஞ்சர் ஆச்சு, அந்த ஊர்ல ஆயாவுக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்க வழி தவறினாங்க... 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கரையேறினப்போ எங்க மாவட்டத்துல முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்ச கதை வந்ததும் வண்டியே அமைதியாயிடுச்சு. அதைக் கலைச்சது பாட்டுச் சண்டை. தம்பி அனிருத் கேட்டான், அப்பா இளையராஜா கேட்டார், தாத்தா டி.எம்.எஸ். வேணும்னு அடம்பிடிச்சார். டிரைவர் அண்ணன் எல்லாத்தையும் நிறுத்திட்டு தேவா போட்டார். ஒருத்தரும் எதிர்த்துப் பேசலை!

வெள்ளாறு தாண்டினா சிதம்பரம். நடராஜர் கோயிலைப் பத்தி நான் புதுசா எழுத என்ன இருக்கு? நடை சாத்துறதுக்கு முன்னாடி போய்க் கும்பிட்டோம். சிவகங்கைக் குளத்துப் படியில வாண்டு அரை மணி நேரம் மீன் எண்ணினா. அப்புறம் நேரா இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும். கொத்சு சாப்பிடாம சிதம்பரத்துல இருந்து கிளம்புறவங்களை நான் மதிக்கிறதே இல்லை. சாப்பிடும்போது தாத்தா ஒரு கேள்வி போட்டார்: "இந்த ஊருக்குத் தில்லைன்னு பேரு. தில்லைன்னா என்ன?" இன்ஜினீயரிங் படிக்கிற நான், ஒன்பதாவது படிக்கிற தம்பி ரெண்டு பேருமே முழிச்சோம். தில்லைங்கிறது ஒரு மரம். ஒரு காலத்துல இந்த ஊரே தில்லை வனமா இருந்ததாம். இப்போ ஊர்ல பேரு மட்டும்தான் மிச்சம். மரத்தைப் பார்க்கணும்னா கிழக்கே பதினைஞ்சு கிலோமீட்டர் போகணும்... பிச்சாவரத்துக்கு!

பிச்சாவரம், வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல கலக்குற இடங்களுக்கு நடுவுல இருக்குற சுரபுன்னைக் காடு. சுமார் 1,100 ஹெக்டேர், 51 குட்டித் தீவுகள், நடுவுல சந்து சந்தா வாய்க்கால்கள். 2022-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட லிஸ்ட்ல, இடம் பிடிச்சிருக்கு. துடுப்புப் படகு, மோட்டார் படகு ரெண்டும் இருக்கு. என் ஓட்டு துடுப்புக்குத்தான். குறுகலான வாய்க்காலுக்குள்ள கிளைக்குக் கீழே குனிஞ்சு போற சுகம் மோட்டார்ல கிடைக்காது. சத்தத்துல பறவையும் பறந்துடும்.

பெரியாயாவைப் படகுல ஏத்துறதுதான் சவாலா இருந்துச்சு. படி வழுக்குது. பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வெச்சு, மாமா ஒரு பக்கம், படகுக்கார அண்ணன் ஒரு பக்கம், அப்படியே தூக்கி இறக்கிட்டாங்க. "கோயில் சாமி மாதிரி போறீங்களே ஆயா"ன்னார் அண்ணன். "சாமிக்கு ஆரஞ்சு கலர் சட்டை யாரு மாட்டுவா?"ன்னு லைஃப் ஜாக்கெட்டைக் காட்டிக் கேட்டாங்க பெரியாயா!

உள்ளே போனதும் காடு நம்மளை மூடிக்குது. ரெண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள், பந்தலுக்கு ஊன்றின கால் மாதிரி தண்ணிக்குள்ள இறங்கி நிக்குது. வெண்கண்டல் மரத்துக்கு வேற டெக்னிக்: வேர் சேத்துல இருந்து பென்சில் பென்சிலா மேல நீட்டிக்கிட்டு மூச்சு விடுது. சுரபுன்னையோட விதை மரத்துல இருக்கும்போதே முளைச்சு முருங்கைக்காய் கணக்காத் தொங்குது. அப்படியே கீழே விழுந்து சேத்துல குத்திக்கிட்டா, அடுத்த மரம் ரெடி. "அது என்ன மரம்?"னு அக்கா ஒரு கிளையைப் புடிக்கப் போக, பெரியாயா பட்டுனு கையைத் தட்டிவிட்டாங்க. "தில்லைடி! பால் கண்ணுல பட்டா கண்ணு தெரியாமப் போயிடும்." நிஜம்தான். தில்லைப் பால் தோல்ல பட்டா புண்ணாகும், கண்ணுல பட்டா கொஞ்ச நாளைக்குப் பார்வையே போகலாம்.

தாத்தாவுக்கு இது எம்.ஜி.ஆர். காடு. 1975-ல வந்த 'இதயக்கனி' படத்தை இங்கேதான் எடுத்தாங்க. அப்போ தாத்தாவுக்கு இருபது வயசு. ஷூட்டிங் பார்க்க கடலூர்ல இருந்து சைக்கிள் மிதிச்சு வந்தாராம். "பார்த்தீங்களா?"னு கேட்டா, "தொப்பி தெரிஞ்சுது"ன்னார். தம்பிக்கு இது 'தசாவதாரம்' காடு. அது 2008. அவன் அப்போ பிறக்கவேயில்லை, இருந்தாலும் சண்டை போடுறான்!

பெரியாயாவுக்குத்தான் இது வெட்டுன காடு. அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ படகு படகா மரம் போகுமாம். வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சு 1970-கள் வரைக்கும் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு மொத்தமா வெட்டியிருக்காங்க. திரும்ப வளர்ந்துடும்னு நினைச்சாங்க. வளரலை. ஏன்னு கேளுங்க, எங்க சப்ஜெக்ட் இது. மரம் போனதும் மண்ணு மேல நேரா வெயில் அடிச்சு ஈரம் வத்திப்போய், நிலம் பள்ளமா இறங்கிடுச்சு. ஏத்தத்துல வந்த கடல் தண்ணி வத்தத்துல திரும்பிப் போகாம அந்தப் பள்ளத்துல தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் தங்கிடுச்சு. அந்த உப்புல சுரபுன்னைக் கன்னே பிழைக்காது.

1990-கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர் மக்கள் மூணு தரப்பும் சேர்ந்து இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மீன் முள் மாதிரி நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள் வெட்டி, கடல் தண்ணி தினமும் வந்து திரும்பிப் போற மாதிரி செஞ்சாங்க. உப்பு குறைஞ்சுது, நட்ட கன்னு பிடிச்சுது. பெரிய மெஷின் எதுவும் தேவைப்படலை... சரிவு எந்தப் பக்கம்னு தெரிஞ்சவங்களும் மண்வெட்டியும் போதுமா இருந்துச்சு. நாலு வருஷம் படிச்சுட்டு நாம செய்யுற புராஜெக்டை நினைச்சேன். சரி, அது வேண்டாம்!

ஒரு திருப்பத்துல இருளர் பெண்கள் ரெண்டு பேர் கழுத்தளவு தண்ணியில நின்னு கையாலேயே இறால் துழாவிக்கிட்டிருந்தாங்க. புடிச்ச இறாலைப் போடுற பறியை வாயில கடிச்சுப் புடிச்சிருக்காங்க. வலை இல்லை, தூண்டில் இல்லை. தம்பி போனை எடுத்தான். பெரியாயா ஒரு பார்வை பார்த்தாங்க, போன் உள்ளே போயிடுச்சு.

வாய்க்கால் விரிஞ்சு பெரிய நீர்ப்பரப்பு வந்ததும் தூரத்துல மணல் திட்டு கோடு மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு அந்தப் பக்கம் வங்காள விரிகுடா. அதுவரைக்கும் வாய் ஓயாம பேசிட்டு வந்த பெரியாயா கேட்டாங்க: "தம்பி, எம்.ஜி.ஆர். திட்டுக்குப் போவுமா?"

"துடுப்பு போட்டு அவ்ளோ தூரம் போவ முடியாது ஆயா. காத்து வேற ஏறிடுச்சு. ஊரையும் இந்தப் பக்கம் மாத்திட்டாங்க. அங்க யாரைப் பார்க்கப் போறீங்க?"

பெரியாயா பதில் சொல்லலை. தாத்தாதான் எங்க காதுல சொன்னார். அவங்களோட சின்ன வயசு சேக்காளி ஒருத்தங்க அந்தத் திட்டுல வாக்கப்பட்டவங்க. மாசத்துக்கு ஒருதடவை நெத்திலிக் கருவாட்டோட கடலூர் வந்து, "நீ டவுன்காரி ஆயிட்டே"னு கிண்டல் பண்ணிட்டுப் போவாங்களாம். 2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலை.

சுனாமி வந்தப்போ நான் பிறக்கலை. நம்மள்ல நிறைய பேர் அப்படித்தான். நமக்கு அது பொது அறிவுக் கேள்வி. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க. 2005-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு எங்க மாவட்டக் கரையைத்தான் எடுத்துக்கிச்சு. மரங்களுக்குப் பின்னாடி இருந்த கிராமங்கள் தப்பிச்சிருக்கு. மரங்களுக்கு முன்னாடி, கடலைப் பார்த்து இருந்தவை அழிஞ்சிருக்குனு அது சொல்லுது. பரங்கிப்பேட்டையில இருக்குற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்து ஆராய்ச்சியாளர்கள் 18 மீனவக் கிராமங்களை ஒப்பிட்டுப் பார்த்து, மரங்களுக்குப் பங்கு இருக்குன்னாங்க. அந்த 18 கிராமத் தரவை 2006-ல வேற விஞ்ஞானிகள் மறுபடி கணக்குப் போட்டு, 'கடல்ல இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு... வித்தியாசத்துக்கு அதுவே போதும்'னு வாதம் வெச்சாங்க. ஆயிரக்கணக்கான வேர்களை உரசிக்கிட்டு வர்ற தண்ணி வேகம் குறையும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச யாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும்கிறதுலதான் சண்டை. ஆனா திட்டுக்கும் கடலுக்கும் நடுவுல எந்த மரமும் இல்லைங்கிறதை அந்தப் படகுல உட்கார்ந்து நீங்களே பார்க்கலாம்.

பெரியாயா குனிஞ்சு ஒரு கை தண்ணி அள்ளி நாக்குல வெச்சுப் பார்த்தாங்க. "உப்பு கம்மியாத்தான் இருக்கு. மேல மழை போல"ன்னாங்க. கொஞ்ச நேரம் திட்டையே பார்த்துட்டு, "பொழுது போவுது... திருப்பு தம்பி"ன்னாங்க. வாண்டு அவங்க மடியில தூங்கிட்டிருந்தா.

ராத்திரி தங்கின குடிலைப் பத்திச் சொல்லணுமே! தண்ணி தெரியுற தூரம், கீத்துக் கூரை, வாசல்ல நிஜமாவே ஒரு நாய். ரீல்ஸ்ல வந்த மரவீடு இல்லைதான். பாத்ரூம் தாழ்ப்பாள் விழாது, ஆளுக்கு ஆள் வெளியே காவல் நின்னோம். கொசு எங்களை மொத்தமாத் தூக்கிட்டுப் போயிருக்கும், பன்னிரண்டு பேர் வெயிட் தாங்காம விட்டுடுச்சு. எட்டு மணிக்குக் கரன்ட் போனதும்தான் டூரே ஆரம்பிச்சுது. போன்ல சார்ஜ் இல்லை, யாருக்கும் போக வேற இடம் இல்லை. இறால் வறுவல் தட்டு நடுவுல. பெரியாயா சேக்காளி கதையை ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் பத்து வயசுல திருட்டுத்தனமா விறகுப் படகுல ஏறி, இருட்டினப்புறம் வீட்டுக்கு வந்து அடி வாங்கின கதை. எழுபது வயசு தாத்தா, "இதை எங்கிட்டகூட சொன்னதில்லையேம்மா"ன்னார். "நீ எங்கடா கேட்டே?"னு வந்துச்சு பதில்.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. காலையில சீக்கிரம் போங்க. வெயிலும் கூட்டமும் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணியில இறங்கிடலாம். தொப்பி, தண்ணி பாட்டில் மறக்காதீங்க. பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டும் வாங்க. வேர்ல சிக்கின பிளாஸ்டிக்கை எடுக்க எந்த மெஷினும் உள்ளே வராது. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா படகுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, படிக்கிட்ட கை கொடுப்பாங்க. நாற்காலி ஐடியா எங்களோடது, காப்பி அடிக்கலாம்.

அடுத்த டூருக்கு இடம்கூட முடிவாயிடுச்சு: வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டுல முதலாம் பராந்தகன் காலத்துல சோழர்கள் வெட்டினது, கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஆரம்பிச்சு வெச்ச கரை, 2004-ல இருந்து சென்னைக்குக் குடிதண்ணி போற இடம். வர்ற ஆடிப்பெருக்குக்குப் போகலாம்னு அப்பா சொன்னதுமே, அவரும் சித்தப்பாவும் முன் சீட்டுக்கு மறுபடி மோத ஆரம்பிச்சாங்க. பெரியாயா வெத்தலைப் பையை வேனை விட்டு இறக்கவே இல்லை. டிரைவர் அண்ணன்கிட்டயே கொடுத்துட்டாங்க: "ஆடி வரைக்கும் நீயே வெச்சிரு தம்பி!"